எண்ணி முடிக்கட்டும்

நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு பக்கம் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் மறுபக்கம் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் வைத்து எது வேண்டும் என்று கேளுங்கள். பல குழந்தைகள் மூன்றைத்தான் அள்ளும். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மூன்று, ஒன்றைவிட அதிகம்தானே? இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் பொருள்களை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தால், இந்த வயதுப் பிள்ளைகள் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்பார்கள் என்று உளவியலாளர் ழான் பியாஜே காட்டியிருக்கிறார். அந்த வயதில் போய், 'இந்த ஒன்று அந்த ஐந்துக்குச் சமம்' என்கிறோம். பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைக் குழந்தை நம்ப வேண்டியிருக்கிறது. அதற்கு நாளாகும், ஆகட்டும்.

பேத்திக்கு நான் ஒரு ரூபாயில்தான் தொடங்கினேன். 2007-இல் தொடங்கிய முத்திரை வரிசை நாணயங்கள் இன்னும் சில்லறையில் அகப்படுகின்றன. ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுத்து தெரியாத பிள்ளையும் படித்துவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து ஒற்றை ரூபாய்களை என்னிடம் கொடுத்து ஓர் ஐந்தை வாங்கிக்கொள்வதும், மனம் மாறித் திருப்பிக் கேட்பதுமாக அவளுக்கு அது அலுக்காத விளையாட்டு.

கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்விடும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று மகன் கேட்கிறான். 2016-இல் யூபிஐ வந்ததிலிருந்து பெட்டிக்கடையிலும் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. அப்பா கைப்பேசியை நீட்டுகிறார், பெட்டி ஏதோ பேசுகிறது, பொருள் வந்துவிடுகிறது. அப்பாவின் கையிலிருந்து எதுவும் குறைந்ததைக் குழந்தை பார்க்கவில்லை. காசு என்றால் குறையும். கடலைமிட்டாய் வாங்கினால் உள்ளங்கை காலியாகும். இனி தேன்மிட்டாய் கிடையாது. கூட்டல் கழித்தலைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும் என்பதை அவள் கையாலேயே உணர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பிள்ளை கையில் காசு புழங்கினால் கெட்டுப்போகும் என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்ததற்கெல்லாம் காசு தருவதில்லை. ஆனால் எண்ணத் தெரிவதால் பேராசை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. விலையே தெரியாத பிள்ளைதான் கண்டதையெல்லாம் கேட்கிறது.

கடையில்தான் பெரியவர்களுக்குச் சோதனை. பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கும். நடுவில் மறந்து முதலிலிருந்து தொடங்கும். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். உடனே நாம் அந்தக் கையிலிருந்து காசைப் பிடுங்கிக் கொடுத்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் இருப்பவரை முன்னே விடலாம். மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாயை நீட்டினால், சில்லறையையே கேளுங்கள். இரண்டு ரூபாய் வர வேண்டும் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

பத்து ரூபாய் நாணயம் இன்னும் பெரிய சிக்கல். 14 வடிவங்களில் வந்த அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சில கடைகளில் கையை ஆட்டிவிடுகிறார்கள். இது பத்து என்று நான் சொன்னதை நம்பி நீட்டியவள் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் பேசாமல் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர எனக்கு ஒப்பவில்லை. "அண்ணாச்சி, இது செல்லும். வாங்கிக்கங்க" என்று அவள் காதில் விழும்படியே சொல்கிறேன். பல நேரம் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்காவிட்டால், "இது பத்து ரூபாய்தான் கண்ணு. அவருக்கு வேண்டாமாம். வா, அடுத்த கடையில குடுப்போம்" என்று கூட்டிப் போகிறேன்.