விளையாடப் பெரியவள், பேசச் சின்னவள்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தை எம்மைத் தேடி வந்தார். மழையில் நன்றாக நனைந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, மூத்தவளுக்கு 13 வயசு. ஸ்கூல்ல எல்லே டீம்ல ஆடுறா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பெரியபுள்ள ஆயிட்டா. இப்ப வலயப் போட்டிக்குப் போகணும்ங்கிறா. இனிமே மைதானத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு அவ அம்மா சொல்லுது. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்றார்.

சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு தாமாகவே, "மூங்கில் வெட்டிக் குடுத்து அடிக்கப் பழக்கினதே நான்தான். இவ்வளவு சீக்கிரமா வளந்துருவான்னு நெனைக்கல" என்றார்.

எல்லே என்பது நம் நாட்டின் பழைய விளையாட்டு. நீண்ட தடியால் பந்தை அடித்துவிட்டு, குறித்த இடங்களைத் தொட்டு ஓடிவந்து சேர வேண்டும். ஓடுகிறவள் மேல் பந்து பட்டால் ஆட்டமிழப்பு. 1887இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தோன்றிய சொஃப்ட்போல் விளையாட்டுக்கு இதனை ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். அங்கே அந்த ஆட்டத்தை ஆடும் மகள்மாரை வேலியோரம் நின்று பார்க்கும் பெற்றோரும், "நேற்றுத்தானே இவளைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். எந்த நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவான பெருமூச்சு அது. நம் லயங்களிலோ அதனுடன் அச்சமும் கலந்திருக்கிறது. ஆகவே அந்தத் தந்தையின் வார்த்தையைச் சற்று நிதானமாக ஆராய்வோம். மகள் சீக்கிரமாக வளர்ந்துவிட்டாள் என்கிறோமே, எந்த வளர்ச்சியைச் சொல்கிறோம்?

முதலாவது, உடலின் வளர்ச்சி. அது நம் கையில் இல்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெண்பிள்ளைகள் சுமார் 16 வயதில் பருவமடைந்தனர்; 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஏறத்தாழ 13 வயதாகக் குறைந்தது. நல்ல உணவும், நோய் குறைந்த வாழ்வுமே இதற்கு முக்கிய காரணங்கள். பசியிலும் நோயிலும் வளரும் பிள்ளை பிந்தியே பருவமடைகிறாள். ஆகவே பாட்டியை விட பேத்தி முந்திப் பெரியவளானால் அது ஒழுக்கக் கேடு அல்ல. வயிறார உண்டாள் என்பதற்கு அது ஓர் அடையாளமாகவும் இருக்கலாம். உடல் முந்திக்கொண்டாலும் உள்ளம் முந்துவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 13 வயதில் உடல் பெண்ணாகிவிட்டாலும், மூளை முழு முதிர்ச்சி அடைய 20 வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. சடங்கு முடிந்த மறுநாளும் அவள் பிள்ளைதான்.

உடல் வளர்ச்சியை வெட்கமாக எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். யாழ்ப்பாண மண்ணின் மகளான தர்ஜினி சிவலிங்கம் 2 மீற்றருக்கும் மேல் வளர்ந்தவர். அந்த உயரத்தோடு வலைப்பந்தாட்டத்தில் இறங்கினார். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் ஆடினார். வளர்ந்த உடலை ஒளித்து வைக்காமல் நிமிர்ந்து நிற்க மைதானம் ஓர் இடம் கொடுத்தது.

இரண்டாவது, நாம் ஏற்றிவைக்கும் வளர்ச்சி. இதைப் பற்றித்தான் நாம் பெருமூச்சு விட வேண்டும், ஆனால் விடுவதில்லை. 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பளம், மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கென்றே கணக்கில் ஒரு பத்தி! பெண்ணுக்கு ஆணோடு சமசம்பளம் 1984இல்தான் கிடைத்தது. பிள்ளையின் பத்தி இன்று செக்ரோலில் இல்லை. ஆனால் நம் அடுப்படியில் இருக்கிறது. அம்மா விடியற்காலையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபின், தம்பிக்குத் தலைவாரி, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிறகு பாடசாலைக்கு ஓடுகிறவள் யார்? ஒன்பது வயதிலேயே தாயானவள் அவள். அன்று அவளைப் பார்த்து எவரும் "சீக்கிரமாக வளர்ந்துவிட்டாளே" என்று வருந்தவில்லை. "பொறுப்பான புள்ள" என்று மெச்சினோம்.

ஆகவே நம் கணக்கு எப்படியிருக்கிறதென்று பாருங்கள். வேலைக்கு அவள் பெரியவள். "பெரியபுள்ளைக்கு என்ன ஓட்டம்" என்று நிறுத்தும்போது விளையாடவும் பெரியவள். ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய் திறந்தால், "சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்" என்கிறோம். ஒரே நாளில் ஒரே பிள்ளைக்கு இரண்டு வயதா? அவளுக்கு எது நல்லது என்பது ஒருபுறமிருக்க, நமக்கு எது வசதியோ அந்த வயதை அவளுக்குக் கொடுக்கிறோம் அல்லவா?

பெற்றோரின் அச்சம் பொய் என்று நாம் சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்குமேல் பனி இறங்கும் தேயிலைப் பாதை, நேரத்துக்கு வராத பஸ், பஸ்ஸில் நிற்கும் முரடர்கள், கையடக்கத் தொலைபேசியில் வரும் முகமறியாத நட்பு, இவையெல்லாம் உண்மை. அச்சமே இல்லாத தகப்பன் கவனமில்லாத தகப்பன். ஆனால் பாதையில் ஆபத்து இருக்கிறது என்பதால் குற்றம் பாதையில் நடப்பவளுடையதாகிவிடாது. கூட ஆசிரியை ஒருவர் போகிறாரா, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், சந்தியிலிருந்து லயம்வரை யார் அழைத்து வருவது என்று கேட்பது அச்சத்துக்குத் தக்க மருந்து. கதவைச் சாத்துவதால் அச்சம் தீராது. அது அவள் மனத்துக்குள்ளும் குடியேறிவிடும்.

பெற்றோரின் அதிகாரம் எதுவரை என்பது பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் இதை வேறொரு பிரச்சினையின் நடுவே எடுத்து ஆராய்ந்தார். யூதப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்பது அவர் பதில். புத்தி தெளியும்வரை பிள்ளை, தாயின் கருவில் இருந்தது போலவே பெற்றோரின் பராமரிப்பு எனும் இன்னொரு கருவறையில் இருக்கிறது என்றார் அவர். ஆனால் சுயபுத்தி உதிக்கத் தொடங்கியதும் பிள்ளை தனக்குத்தானே உரியவளாகத் தொடங்குகிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார். தொடங்குகிறாள் என்ற சொல்லைக் கவனியுங்கள். முற்றிலும் கைவிட்டுவிடும் நாளும் அல்ல, முற்றிலும் கைக்குள் வைத்திருக்கும் நாளும் அல்ல. 13 வயது அந்தத் தொடக்கத்தின் வயது. கேட்பதும் கேட்கப்படுவதும் அந்த வயதில் பழக வேண்டியவை.

பழகாவிட்டால் என்ன? நம் மலையகம் அந்த விலையைக் கொடுத்திருக்கிறது. 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த நுவரெலியா மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்தாள். அவளுக்கு வயது 16. நாடே கொதித்தது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016இலேயே விதியாகியிருந்தது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டமும் 2021இல் வந்தது. விவாகத்துக்கு 18 வயது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். சட்டங்கள் பிள்ளைக்குப் பிள்ளைப்பருவத்தை எழுதிக் கொடுத்துவிட்டன. அதை அவள் கையில் கொடுக்க வேண்டியவர்கள் நாம். கடனும் வறுமையும் ஒரு தாயை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. மைதானத்துக்குப் போக விடாத வீட்டிலிருந்தே, முகம் தெரியாத வீட்டு வேலைக்குப் பிள்ளை பஸ் ஏறுவதையும் பார்த்திருக்கிறோம்.

இங்கே எமது தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், இதேபோல் ஒரு தாய் வந்து கேட்டபோது, தயங்காமல் அந்தப் பிள்ளையை அழைத்து, "இனி விளையாட்டு போதும், அம்மா சொல்வதைக் கேள்" என்றேன். அவள் கேட்டாள். அடுத்த வருடம் படிப்பையும் விட்டாள். கொழும்புக்கு வேலைக்குப் போனாள். பல வருடங்களுக்குப் பின், தன் பிள்ளையின் முதல் நன்மைக்காகக் கோவிலுக்கு வந்தாள். பழைய பேச்சை நானே எடுத்தேன். "வெளையாட்ட நிப்பாட்டுனதுகூட பெருசில்ல சாமி. நீங்களும் அம்மாவும் பேசி முடிச்சுட்டீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே மழையில் நனைந்து வந்த அந்தத் தந்தையிடம், அவர் கேட்ட வார்த்தையை நான் கொடுக்கவில்லை. "அவளிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டேன். "கேக்கிறதா? சொன்னோம் சாமி" என்றார். "இன்றைக்கு வீட்டுக்குப் போய், மூன்று பேரும் உட்கார்ந்து கேளுங்கள். ஏன் ஆட விரும்புகிறாள், எதற்கு நீங்கள் பயப்படுகிறீர்கள், இரண்டையும் பேசுங்கள். பிறகு என்ன முடிவெடுத்தாலும் வந்து சொல்லுங்கள்" என்று அனுப்பினேன்.

பன்னிரண்டு வயது மகளுக்காக ஆண்டவரின் காலில் விழுந்த யாயீர் என்ற தகப்பனை நாமெல்லாம் அறிவோம். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஊரே அழுதபோது, அவர் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார். பிறகு பெற்றோருக்குச் சொன்ன வேலை மிகச் சின்னது. அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

போட்டி நாளன்று நானும் போயிருந்தேன். அந்தத் தாயும் வந்திருந்தார், அரைநாள் பேரை இழந்துகொண்டு. மைதானத்து ஓரத் திட்டில், பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவது பந்தை நன்றாகவே அடித்தாள். ஆனால் பாதி ஓட்டத்தில் எறிந்த பந்து முதுகில் பட்டு ஆட்டமிழந்தாள். நேரே தாயிடம் ஓடிவந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தாய் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் சின்னப்புள்ளதான் சாமி" என்றார். பிளாஸ்கைத் திறந்து, மூடியில் பிளேன்டீ ஊற்றி அவளுக்குக் கொடுத்தார்.