நசிகேதனின் முதல் வரம்

கடோபநிடதம் ஒரு தகப்பனின் குறையில் தொடங்குகிறது. உடைமை முழுவதையும் தானம் செய்ய வேண்டிய வேள்வியில் வாஜசிரவஸ் கொடுப்பவை பால் வற்றிப்போன, இனி ஈனாத, புல் மேயவும் தெம்பற்ற கிழட்டு மாடுகள். சிறுவன் நசிகேதனுக்கு அது உறுத்துகிறது. தானும் தகப்பனின் உடைமைதானே, தன்னை யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று கேட்கிறான். பதில் இல்லை. விடாமல் மூன்றாம் முறையும் கேட்டதும், எமனுக்குக் கொடுத்தேன் என்று சீறுகிறார் தகப்பன். ஆத்திரத்தில் விழுந்த சொல்தான். ஆனாலும் பையன் புறப்பட்டுவிடுகிறான்.

எமன் வீட்டில் இல்லை. மூன்று இரவு பட்டினியாகக் காத்திருந்ததற்கு ஈடாக மூன்று வரங்கள் கிடைக்கின்றன. இறப்புக்குப் பின் என்ன என்ற மூன்றாம் வரத்தைப் பற்றித்தான் உரைகள் விரிவாகப் பேசும். முதல் வரமோ வீட்டைப் பற்றியது: தகப்பனின் கோபம் தணிய வேண்டும், திரும்பிப் போகும்போது தன்னை இன்னாரென்று அறிந்து முகம் கொடுத்துப் பேச வேண்டும். நசிகேதன் தகப்பனின் தவறை மூடி மறைக்கவில்லை. அதற்காக அவரை வெறுக்கவும் இல்லை. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் வலிமை பெரியவர்களிடமே அரிது.

அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பிரகலாதன் கதையில் விடை உண்டு. வால்மீகியில் இல்லாத இரணியன் வதையைக் கம்பர் யுத்த காண்டத்தில் தனிப் படலமாகவே பாடினார். தீ, பாம்பு, யானை, நஞ்சு என்று பெற்ற தகப்பனான இரணியனே பிரகலாதன் மீது ஏவுகிறான்; பிள்ளை உடையவில்லை. காரணத்தைப் பாகவதத்தில் பிரகலாதனே பள்ளித் தோழர்களிடம் சொல்கிறான். தகப்பன் தவத்துக்குப் போயிருந்த வேளையில், கருவுற்றிருந்த தாயை இந்திரன் இழுத்துப் போனான். நாரதர் தடுத்து, அவளைத் தம் ஆசிரமத்தில் வைத்துக் காத்து, உபதேசம் செய்தார். வயிற்றிலிருந்த பிள்ளை அதைக் கேட்டது. பெற்றோருக்கு வெளியே ஒருவர் பிடித்துக்கொண்ட கை அது.

அப்படி ஒரு கையின் பலம் ஆய்விலும் தெரிகிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய், ஓயாத சண்டை போன்ற பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். இவர்களிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ள மனிதராக வளர்ந்தார். பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ, நிலையாக அன்பு காட்டிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். மற்ற மூன்றில் இரண்டு பங்கினர் பதினெட்டு வயதுக்குள் கடுமையான சிக்கல்களில் விழுந்தனர். அவர்களிலும் பலர் நடுவயதில் தேறினார்கள்.

ஆகவே துன்பம்தான் பிள்ளையை உரமாக்கியது என்பது பிழையான கணக்கு. அப்படிச் சொல்வது அடிக்கிற கைக்கு நியாயம் தேடித் தரும். புராணம் அந்தப் பிழையைச் செய்யவில்லை. பிள்ளை உறுதியாக வளர்ந்தான் என்பதற்காக இரணியனின் குற்றம் குறையவில்லை. திருமாலின் நரசிம்ம அவதாரம் அவனைக் கொன்றது. அதன் பிறகு வரம் கேட்கச் சொன்னபோது, தனக்கென்று பொருள் எதையும் வேண்டாத பிரகலாதன், தகப்பனின் பாவம் நீங்க வேண்டும் என்று கேட்டான். தகப்பனோடு இருபத்தொரு தலைமுறை முன்னோரும் தூய்மை அடைந்ததாக விடை வந்தது.