சாய்ந்த குடிலும் ‘செய்திருந்தால்’ என்ற சொல்லும்

ஒரு துன்பம் நேர்ந்தால் முஃமினின் நாவில் முதலில் வரவேண்டியது ‘இன்னாலில்லாஹி’. ஆனால் நம்மில் பலருக்கு முதலில் வருவது ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற சொல்தான். அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்பதை நாமே அனுபவித்து அறிந்தோம்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே காலையில் கரையேறிய ‘தானே’ புயல், பண்ணுருட்டி வட்டாரத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. நெய்வேலி நகரியத்தின் மரங்களையும் வேரோடு பெயர்த்தது. நம் குடியிருப்பின் கொல்லையில் இரும்புக் குழாய்களை நட்டு, பாலித்தீன் விரிப்பு வேய்ந்து, ஒரு சிறு செடிக்குடில் அமைத்திருந்தோம். காற்று ஓய்ந்து வெளியே வந்து பார்த்தால், குழாய்கள் வளைந்து கிடந்தன. விரிப்பு கிழிந்து அடுத்த வீட்டு மதிலில் தொங்கியது. நாற்றுகள் மண்ணோடு மண்ணாயின.

வாழ்வாதாரமான தோப்பையே பறிகொடுத்தவர்களின் முன்னால் நம் இழப்பு ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் நாம் பொறுக்கவில்லை. புயல் எச்சரிக்கை கேட்டதுமே விரிப்பைக் கழற்றிச் சுருட்டி வைக்கும்படி மூத்த மகனிடம் சொல்லியிருந்தோம். அவன் மறந்துவிட்டான். ‘நீ கழற்றியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?’ என்று எத்தனை முறை கேட்டோமோ! பிள்ளை சோற்றில் கை வைத்தபடியே தலைகுனிந்தான். மறுநாள் நம் முகம் பார்த்துப் பேசவில்லை. காற்று சாய்த்தது குடிலை மட்டும்தான்; நம் நாக்கு வீட்டையே சாய்த்துக் கொண்டிருந்தது.

பயன் தரும் காரியத்தில் ஆர்வம் கொள்ளும்படியும், அல்லாஹ்விடம் உதவி தேடும்படியும், சோர்ந்துவிடாதிருக்கும்படியும் ஏவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஏதேனும் நேர்ந்துவிட்டால் ‘இப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்ல வேண்டாம் என்றும், அது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது. இது நினைவுக்கு வந்தபோது வெட்கப்பட்டோம்.

பிறகு, குடிலைத் திரும்ப நிறுத்துவதற்காகக் குழாய் நட்ட குழிகளை ஆராய்ந்து கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியவர் மதிலோரம் வந்து நின்றார். “தம்பி, அல்லாஹ் நாடியது நடந்துவிட்டது. ஏன் சாய்ந்தது என்று துருவிக் கொண்டிருந்தால், அதுவும் அந்தச் ‘செய்திருந்தால்’தானே?” என்றார்.

நியாயமான கேள்வி. சிந்திக்க வேண்டிய கேள்வியும்கூட.

ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலிருந்தே திரும்ப முடிவு செய்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்பது உமர் (ரலி) அவர்களின் பதில். இந்த ஊர் சுரங்கத்தையே பாருங்கள். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக் கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அந்த இறைவை இயந்திரங்களை யாரும் தவக்குலுக்கு எதிரானவை என்று சொல்வதில்லையே!

ஆகவே, காரணத்தை ஆராய்வது குற்றமல்ல. ஆனால் ‘செய்திருந்தால்’ இரண்டு வகை. ஒன்று ஆளைத் தேடும். மற்றொன்று குறையைத் தேடும். முன்னது பெருமூச்சிலும் பகையிலும் முடியும். பின்னது மண்வெட்டியைக் கையில் எடுக்க வைக்கும். நம் உள்ளத்தில் இருப்பது எது என்று அறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

குழிகளை ஆராய்ந்தபோது உண்மை விளங்கியது. அவை ஓரடி ஆழம்கூட இல்லை. திறந்திருந்த பக்கத்தின் வழியே புகுந்த காற்று, வெளியேற வழியின்றிக் கூரையை மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது. மூலைகளில் சாய்வுத் தாங்குகளும் கிடையாது. அந்தக் குழிகளைத் தோண்டியவர் யார்? நாமேதான்!

மகனை அழைத்து அதைச் சொன்னோம். “தப்பு உன்னுடையது மட்டுமல்ல” என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை, கடப்பாரையை எடுத்துக்கொண்டான். இருவருமாக இரண்டரை அடி ஆழம் தோண்டி, ஜல்லியும் சிமெண்டும் இட்டுக் குழாய்களை நிறுத்தினோம். மூலைகளில் சாய்வுக் குழாய்களைப் பொருத்தினோம். பாலித்தீனுக்குப் பதிலாக, காற்றை ஓரளவு உள்ளே விடும் நிழல்வலையை, அவசரத்தில் ஒருவரே அவிழ்த்து எடுக்கும்படி கட்டினோம்.

இனி அது சாயாதா? சாயலாம். காற்று நம் கட்டளைக்கு உட்பட்டதல்ல. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தபின் சாய்ந்தால், அப்போது ‘இன்னாலில்லாஹி’ என்று சொல்வோம். பிள்ளையின் முகத்தை நோக்கி விரல் நீட்ட மாட்டோம்.

முயற்சியில் உறுதியையும், முடிவில் பொறுமையையும், வீட்டாரிடம் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.