காம்பராவை அளந்து பார்!

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் தம்பி, தங்கச்சி! "கட்டடக்கலை எல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்பும் வித்தை எந்தப் பேராசிரியருக்குத் தெரியும்? விடியற்காலையில் தகரத்தின் அடியில் வேர்த்துப் பாயில் சொட்டும் நீர், ஈர விறகுப் புகையில் அம்மாவின் கண் கரிக்கும் அடுப்படி, மழைக்காலத்தில் ஓதம் ஏறும் பின்சுவர். இதெல்லாம் உன் ஆராய்ச்சிக் களம். வெட்கப்படாதே, எழுதி வை!

கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவைப் பார். 1918இல் கண்டியில் பிறந்தவர். பம்பாயில் காந்தியை விடுவிக்கக் கேட்டு நடந்த ஊர்வலத்தில் போனார் என்று கல்லூரியிலிருந்து நீக்கினார்கள். ஓய்ந்தாரா? 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இடம்பிடித்த முதல் ஆசியப் பெண்ணானார். ஊர் திரும்பிக் கண்டியிலேயே தொழில் தொடங்கினார். வட்டபுளுவ வீட்டுத்திட்டத்துக்குப் படம் வரையுமுன், குடிவரப் போகிறவர்களிடமே கேள்விக்கொத்து கொடுத்து, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டார். நம் லயங்களைக் கட்டிய துரைமார் யாரிடமாவது அப்படிக் கேட்டார்களா?

கேட்காததன் விலையும் தெரிந்ததுதான். 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடமென்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. அறிக்கை இருந்தது; போய்க் குடியேற வீடு இல்லை. அந்த அறிக்கையைப் படித்து, லயத்து மனிதரோடு உட்கார்ந்து பேசி, மாற்று வீட்டையும் வரைய ஓர் ஆள் வேண்டும். அது ஏன் நீயாக இருக்கக் கூடாது?

உனக்குக் கைவராத கலையா இது? சரிவில் எந்த வாட்டத்தில் கான் வெட்டினால் மண் கரையாது என்று தாத்தா கண்ணாலேயே சொல்வாரே! அவரைக் கூட்டிக்கொண்டு போய் மலையைக் காட்டச் சொல்.

இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனிக் காணியில் தனி வீடுகள் எழும்புகின்றன. போராடிப் பெற்றவை, நல்லதுதான். ஆனால் இஸ்தோப்பில் கூடிப் பேசிய சனம் இனி எங்கே கூடும்? பீலிக்கரை என்னாகும்? காமன் கூத்துக்குத் திடல் எது? படத்தில் இவற்றுக்கும் இடம் விடு.

கட்டடக்கலைக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகம் உளச்சார்புப் பரீட்சை வைக்கிறது. அதற்கு வரைந்து பழகக் கண்டவன் மாளிகை எதற்கு? ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவை எடு. உங்கள் லயத்தின் முதல் காம்பராவிலிருந்து தொடங்கு. அடுப்பு எந்தப் பக்கம் இருந்தால் வசதி என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுது!