ஒரு கனி, ஒரு பிஸ்கட்

நெல்லிக்கனி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதியமான் நெடுமான் அஞ்சி எத்தனையோ போர்களை வென்றவன். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவனைத் தெரிந்திருப்பது அந்தச் சின்னக் கனியால்தான்.

கதை உங்களுக்குத் தெரியும். ஏறமுடியாத மலைப்பிளவில் பழுத்த கனி. உண்டவர் நெடுநாள் வாழ்வார். அதை ஔவையாருக்குக் கொடுத்தான். ஆனால் கொடுக்கும்போது அதன் அருமையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாரா? "நாடாள்கிறவன் நீயப்பா, நீயே சாப்பிடு" என்று கையை மடக்கித் திருப்பியிருப்பார். அது தெரிந்துதான் வாய் திறக்காமல் நின்றான்.

இனி, பனிக்கு வாருங்கள். 1909 ஜனவரி 9. துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டனும் மூன்று தோழர்களும் தென்துருவத்துக்கு இன்னும் 180 கிலோமீட்டர்தான் என்ற இடத்தில் நிற்கிறார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு தெற்கே போனதில்லை. கையில் உணவு குறைவு. முன்னே போனால் துருவம் கிடைக்கும், உயிர் கிடைக்காது. ஷாக்கில்டன் திரும்பினார்.

திரும்பும் வழி இன்னும் கொடியது. குதிரை இறைச்சி ஒத்துக்கொள்ளாமல், தோழர்களில் ஒருவரான ஃபிராங்க் வைல்டுக்கு வயிறு கெட்டுவிட்டது. வயிறு ஏற்றது பிஸ்கட் ஒன்றைத்தான், அதுவும் எண்ணி எண்ணிக் கொடுக்கிற பிஸ்கட். ஜனவரி 31 காலை, தன் பங்கில் இருந்த ஒரே பிஸ்கட்டை ஷாக்கில்டன் வைல்டின் கையில் திணித்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. பட்டினி கிடப்பவன் நீட்டிய பிஸ்கட் அது. ஆயிரமாயிரம் பவுன் கொட்டினாலும் அதை வாங்கியிருக்க முடியாது என்று வைல்டு தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

கொடுத்தவர்கள் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே ஔவையார் பாடினார், இங்கே வைல்டு எழுதினார். வாங்கிய கை மறக்கவில்லை.

மறக்காத அந்தக் கை பிறகு செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். 1914இல் ஷாக்கில்டன் மறுபடியும் தெற்கே புறப்பட்டபோது, வைல்டும் உடன் போனார். எண்டூரன்ஸ் கப்பலைப் பனி நொறுக்கியது. படகுகளில் தப்பி எலிஃபண்ட் தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து உதவி தேடி, ஐந்து பேருடன் ஒரு சின்னப் படகில் கடலைக் கடக்கப் புறப்பட்டார் ஷாக்கில்டன். தீவில் 22 பேர் எஞ்சினார்கள். பொறுப்பு வைல்டின் தோளில்.

கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள்தான் கூரை. பென்குயினும் சீலும்தான் சோறு. நாலு மாதம் போயிற்று. யாருக்கும் தெரியாது, தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்று. ஆனாலும் காலைதோறும் வைல்டு சொன்னது ஒன்றுதான்: மூட்டையைக் கட்டுங்கள், இன்றைக்கு அவர் வந்துவிடலாம். கட்டினார்கள். அவர் வரவில்லை. மறுநாள் மறுபடி கட்டினார்கள்.

1916 ஆகஸ்ட் 30 அன்று கடலில் ஒரு கப்பல் தெரிந்தது. அதிலிருந்து வந்த படகில் நின்றபடி ஷாக்கில்டன், எல்லோரும் நலமா என்று தூரத்திலிருந்தே கேட்டார். எல்லோரும் நலம் என்றார் வைல்டு. 22 பேரும் இருந்தார்கள்.