‘இல்லை’ என்று எப்போது எழுதலாம்?

ஓடிக்கொண்டிருக்கும் மின் பேனலை நிறுத்தாமல், தொடாமல், எட்ட நின்றே அகச்சிவப்புக் கேமராவால் பார்க்கிறார்கள். ஆர், ஒய், பி என மூன்று ஃபேஸில் இரண்டு குளிர்ந்து ஊதாவாகக் கிடக்க, ஒன்றின் லக் (கம்பி முனையைப் போல்ட்டால் இறுக்கும் உலோகக் காது) மட்டும் சூடேறி மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது அந்த ஃபேஸில் லோடு கூடியிருக்கலாம். இதில் தத்துவத்துக்குப் பெரிய வேலையில்லை. மலைமேல் புகை கண்டு நெருப்பு உண்டென்னும் பழைய அனுமானம்தான். எனக்கு உறுத்துவது எதுவுமே மஞ்சளாகாத படம். ‘பழுது இல்லை’ என்று அறிக்கையில் எழுதுகிறார்களே, அந்த ‘இல்லை’ எந்த அளவையால், அதாவது அறியும் எந்த வழியால், வந்த அறிவு?

இன்மையை அறிவது எப்படி என்று நம் தருக்க நூலோர் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர் அதற்கு அனுபலப்தி என்று தனி அளவையே வைத்தார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி, அதுவும் அனுமானத்தில் அடங்கும் என்றார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவம் என்னும் இன்மையையும் ஓர் அளவையாக எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கினார். கணக்கில் பிணங்கினாலும் வாதத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம், இருட்டில் கூடாது. பேய் கண்ணில் படவில்லை என்பதால் பேய் இல்லை என்றும் சொல்ல முடியாது. அது கண்ணுக்குப் படும் பொருளே அல்லவே.

பேனலுக்குள் இருட்டு பலவிதம். பளபளப்புக் குறையாத செம்பு பஸ்பார் தன் சூட்டைக் கதிராக விடுவதில் மகா கஞ்சன். அதன் உமிழ்திறன் 0.1ஐக்கூடத் தொடாது. கேமராவுக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் எதிரே இருப்பவற்றின் பிரதிபலிப்பு, சில வேளை படம் எடுப்பவரின் உடற்சூடே. அதே பஸ்பாரில் ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு உமிழ்திறன் சுமார் 0.95. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தும் படத்தில் ஒன்று கனல்கிறது, மற்றது குளிர்ந்து கிடக்கிறது. லோடும் ஏமாற்றும்: மின்னோட்டம் பாதியானால் தளர்ந்த இணைப்பில் பிறக்கும் வெப்பம் கால்வாசியாகிவிடும். மெஷின்கள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் எல்லா லக்கும் நல்ல பிள்ளைதான். முன்னால் மாட்டிய அக்ரிலிக் தகடோ நமக்குக் கண்ணாடி, கேமராவுக்குச் சுவர்.

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு, இப்படிக் கேட்டால் எதையுமே இல்லை என்று சொல்ல முடியாதே என்பார்கள். தீராத சந்தேகத்தை யாரும் கேட்கவில்லை. எத்தனை ஆம்பியர் ஓடியது, உமிழ்திறன் எவ்வளவு வைத்தீர்கள், தகட்டைக் கழற்றினீர்களா என்ற சில கேள்விகளுக்கு விடை இருந்தால் ‘இல்லை’ என்பது அறிவாகிவிடும். இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: அந்த விடைகளுக்காக முழு லோடில் கதவைத் திறப்பதே ஆபத்து, ஆர்க் ஃபிளாஷ் வெடித்தால் முகமும் கையும் வெந்துபோகும். உண்மைதான், உயிரைப் பணயம் வைத்துத் தேட வேண்டிய அறிவல்ல இது. அகச்சிவப்பை உள்ளே விடும் படிகச் சாளரத்தைக் கதவில் பொருத்தினால் திறக்காமலே பார்க்கலாம், ஆனால் அதன் கோணத்துக்குள் வராத போல்ட்டுகள் இருந்தே தீரும். அவற்றுக்கு நேரே ‘பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். ‘சரி’, ‘பழுது’ என்று இரண்டே கட்டம் உள்ள படிவத்தில் அதற்கு இடமில்லை.