ஆன்மிகக் கேள்வி பதில்: தேர் ஓடாத வருஷம்

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து ஒரே உறையில் நான்கு கேள்விகள் வந்திருக்கின்றன. மாமியார், பேத்தி, மகன், மருமகள் என்று ஒரு வீட்டின் நான்கு பேர் தனித்தனித் தாளில் எழுதியிருக்கிறார்கள். 2020 வைகாசியில் அந்த வீட்டு மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். தை மாதம் வளைகாப்பு. 2021 சித்திரையில் குழந்தை. அதற்கடுத்த மாதம் வைகாசியிலேயே வீட்டுப் பெரியவர் போய்விட்டார். வைகாசிக்கு வைகாசி ஒரு வருஷம். கொரோனா ஊரடங்கில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டே நல்லதும் கெட்டதும் பார்த்து முடித்திருக்கிறார்கள். காலம் இவ்வளவு கடந்தும் அந்த வருஷத்தை நினைத்து அவர்களுக்குள் இன்னும் ஒரு பயம் இருக்கிறது. அதே பயம் வேறு பல வீடுகளிலும் இருப்பது எனக்கு வரும் கடிதங்களில் தெரிகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த முறை இவர்களோடு மட்டும் பேசுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அந்த வருஷம் பங்குனியில செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழா நடக்கல. தேர் ஓடல. நான் வாசல்லயே ஒரு தேங்கா ஒடச்சு, கோயில் இருக்கிற திசையப் பாத்துக் கும்பிட்டேன். அதுக்கப்புறம் தையில மழை விடாமப் பேஞ்சு, எடுக்கிற பருவத்துல உளுந்தும் பாசியும் செடியிலேயே மொளச்சுப் போச்சு. தேர் ஓடாததுக்கு ஆத்தா குடுத்த தண்டனைதான அது?

பதில்: இல்லை அம்மா. ஆத்தாவுக்குக் கோபமே இல்லை.

2020 மார்ச்சில் கோயில்களில் நிறுத்தப்பட்டது நம் வருகை மட்டும்தான். பூஜை நிற்கவில்லை. அர்ச்சகர்கள் நடை திறந்தார்கள், அபிஷேகம் செய்தார்கள், நைவேத்தியம் வைத்தார்கள், நடை சாத்தினார்கள். செப்டம்பர் 1-ஆம் தேதி பெரிய கோயில்களில் மறுபடி நம்மை உள்ளே விடும்வரை இது நாள் தவறாமல் நடந்தது. அம்பாள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி வெளியேதான் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்கள் மூடிக் கிடந்தன, பெட்டி ஒட்டுகிற பெண்களுக்குக் கூலி இல்லை. அந்த நாட்களில் உங்கள் தெருவில் யாராவது பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி கொடுத்திருந்தால், அந்த வருஷத் திருவிழா அங்கேதான் நடந்தது என்பேன்.

இன்னொன்று, உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை. நம் நாட்டில் பெரியம்மை ஒழிந்தது 1975-இல்தான். அதற்கு முன் அம்மை போட்ட வீட்டில் என்ன செய்தோம்? வாசலில் வேப்பிலை செருகினோம். வெளி ஆள் உள்ளே வரவில்லை, உள்ளவர்கள் விசேஷங்களுக்குப் போகவில்லை, அடுப்பில் தாளிப்பு இல்லை. தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் கோயிலுக்குப் போனோம். அப்படி ஒதுங்கி இருந்ததை யாரும் சாமி குத்தம் என்று சொன்னதில்லை. அதையே வழிபாடாக நினைத்தோம். ஒதுங்காமல் கூட்டத்துக்குள் போனால்தான் ஊர் ஏசும். 2020-இல் ஊரே அம்மை போட்ட வீடாக இருந்தது. அந்த வீட்டுக்கு உரிய முறையைத்தான் கோயிலும் கடைப்பிடித்தது.

மழையைப் பற்றிச் சொல்கிறேன். புரட்டாசியில் விதைத்து, மானத்தைப் பார்த்துக் காத்திருந்து, தையில் கைக்கு வரும் நேரத்தில் அழுகிப் போவதைப் போன்ற வேதனை மானாவாரிக்காரருக்கு வேறு இல்லை. அந்தத் தடவை வடகிழக்குப் பருவமழை பொங்கலைத் தாண்டியும் ஓயவில்லை. உங்கள் உளுந்து முளைத்த அதே நாட்களில் தஞ்சை, திருவாரூர் பக்கம் அறுப்புக்கு நின்ற நெல்லும் சாய்ந்தது. தேர் ஓடிய வருஷங்களிலும் கரிசல் காய்ந்ததுண்டே! 2016-இல் அதே பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் காற்றிலும் கடலிலும் காரணம் உண்டு. தேர் வடத்தில் அதைத் தேட வேண்டாம்.

உங்கள் வாசல் தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. திருநின்றவூர்ப் பூசலார் கையில் காசில்லாமல், மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். சிவபெருமான் மன்னன் கனவில் வந்து, நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றார். பெரிய புராணம் சொல்லும் வரலாறு இது. மனசால் கட்டியதற்கே அந்த மதிப்பு என்றால், அந்தப் பங்குனியில் நீங்கள் உடைத்த தேங்காய் அம்பாளிடம் போய்ச் சேராமல் இருக்குமா?

கேள்வி: பத்தாம் வகுப்பில் பாஸானால் கழுகுமலை கிரிவலம் வருவதாக முருகனுக்கு வேண்டியிருந்தேன். பரீட்சையே நடக்கவில்லை, ஆல்பாஸ் போட்டுவிட்டார்கள். இப்போதும் ‘கொரோனா பாஸ்’ என்கிறார்கள். நான் கிரிவலம் போகலாமா?

பதில்: தாராளமாகப் போ, அம்மா. 2020 ஜூன் 9-ஆம் தேதி பரீட்சை ரத்து என்று அறிவித்தபோது, மதிப்பெண் எதை வைத்துப் போட்டார்கள்? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம். அந்தத் தேர்வுகளை எழுதியது நீ. மூன்று தடவை தேதி மாறி, நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் இரண்டு மாதம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததும் நீ. அப்புறம் வீட்டிலிருந்த ஒரே செல்போனில், கிடைத்த நேரத்தில் பாடம் கேட்டு, 2022 மே மாதம் பிளஸ் டூ பொதுத்தேர்வை நேரில் உட்கார்ந்து எழுதிய வகுப்பு உன்னுடையது. பரிகாசம் செய்கிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பௌர்ணமி பார்த்து மலையைச் சுற்றி வா.

கேள்வி: என் தகப்பனார் 2021 வைகாசியில் நோய் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்தார். எனக்கும் நோய் இருந்ததால் வீட்டில் ஓர் அறையில் தனியே கிடந்தேன். மூத்த மகன் நான். முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, கொள்ளி வைக்கவில்லை. நகராட்சிப் பணியாளர்கள்தான் தகனம் செய்தார்கள். பதினாறாம் நாள் வீட்டுக்குள் நாலு பேர் நின்று படத்துக்கு மாலை போட்டோம். ‘இப்படி அமைந்தது முன்வினை, பெரிய பரிகாரம் செய்யாவிட்டால் ஆத்மா அலையும்’ என்கிறார் ஒருவர். கடன் வாங்கியாவது செய்ய வேண்டுமா?

பதில்: கடன் வாங்காதீர்கள். உங்கள் தகப்பனார் அலையவில்லை.

தந்தையின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத மூத்த மகன், நாம் கும்பிடுகிற ராமபிரானே. தசரதர் உயிர் விட்டபோது அவர் காட்டில் இருந்தார். சித்திரகூடத்துக்குப் பரதன் வந்து சொன்ன பிறகுதான் செய்தியே தெரியும். மயங்கி விழுந்தார், அழுதார், பிறகு எழுந்து ஆற்றில் இறங்கி நீர்க்கடன் செய்தார். முகம் பார்க்கவில்லை, தீ வைக்கவில்லை. அதற்காக தசரதர் அலைந்தார் என்று எந்த ராமாயணமும் சொல்லவில்லை.

அதே ராமபிரான் பின்னாளில், சீதைக்காகப் போராடி விழுந்த ஜடாயுவுக்குத் தன் கையால் எரியூட்டினார். பெற்ற அப்பாவுக்குச் செய்யக் கிடைக்காததை, தன் அப்பாவின் சிநேகிதருக்குச் செய்தார். அந்த வைகாசியில் உங்கள் அப்பாவைத் தூக்கிச் சென்றவர்களை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். வேர்வை வழிய உடம்பு முழுக்க மூடிக்கொண்டு, தொற்றிக்கொள்ளும் என்று தெரிந்தும், யார் வீட்டுப் பெரியவர் என்று கேட்காமல், பகலும் இரவும் அந்த வேலையைச் செய்தார்கள். தகனம் ஒரு மகனின் கடமை என்றால், அந்தக் கடமையை உங்களுக்குப் பதிலாக ஏற்றுச் செய்தவர்கள் அவர்கள். தெவசத்தன்று அப்பாவுக்குப் படைத்து முடித்ததும் அந்தப் பணியாளர்களின் நலத்துக்காகவும் கும்பிடுங்கள். முடிந்தால் உங்கள் ஊர்த் துப்புரவுப் பணியாளர் சிலரை அழைத்து, உட்கார வைத்து, இலை போட்டுச் சாப்பாடு போடுங்கள். நீங்கள் கேட்ட பரிகாரத்துக்கு என்னிடமுள்ள பதில் இதுதான்.

சாஸ்திரமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தூர தேசத்தில் இறந்து உடலே கிடைக்காதவருக்குக்கூட உருவம் செய்து வைத்துக் கிரியை முடிக்கும் முறையைக் கருட புராணம் சொல்கிறது. உடலைக் காணாத மகன்களும் இருப்பார்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. உங்கள் அப்பாவின் உடல் முறையாக அக்கினியில் சேர்ந்தது. பதினாறாம் நாள் நீங்கள் நாலு பேர் நின்று கும்பிட்டீர்கள். அந்த நாலு பேர் போதும். வருஷா வருஷம் வைகாசியில் அவர் திதியில் எள்ளும் தண்ணீரும் விடுங்கள். திருச்செந்தூர்க் கடலில் செய்ய ஆசையிருந்தால் ஓர் அமாவாசைக்குப் பஸ் ஏறிப் போய் வாருங்கள், அவ்வளவு செலவு போதும்.

‘முன்வினை’ என்று சொன்னவரைப் பற்றி. கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. அப்போது அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். நோய் அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டு நீங்கியது என்கிறார் சேக்கிழார். அந்தப் பதிகம் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். வினையின் பயன் என்று சொல்லிக்கொண்டு, மீளும் வழியைத் தேடாமல் இருப்பது நமக்குத்தான் குறை என்று தொடங்குகிறார். நோயில் விழுந்தவர் முன்னால் நின்று கணக்குப் பார்க்கவில்லை சம்பந்தர், அவருக்காகப் பாடினார். துக்க வீட்டில் வினையைப் பற்றிப் பேசுகிறவர் அந்த ஒரு பதிகத்தையாவது படித்துவிட்டு வரட்டும்.

மனசில் ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது என்று உங்கள் எழுத்தில் தெரிகிறது. நீங்கள் அழவில்லை. உங்கள் அக்கா தங்கைகளும் முழு ஊரடங்கில் வர முடியாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கோடி போடவில்லை, நீர்மாலை எடுக்கவில்லை, கட்டிப்பிடித்து ஒரு ஒப்பாரி இல்லை. அதே வைகாசித் தொடக்கத்தில்தான் கி. ராஜநாராயணனும் புதுச்சேரியில் மறைந்தார். சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு விடை கொடுத்தார்கள். கரிசல் ஜனங்களின் பேச்சையும் அழுகையையும் ஆயுசு முழுக்க எழுதிய அந்த மனிதருக்கே, இருந்த இடத்திலிருந்து கையெடுக்க முடிந்தவர்கள்தான் அதிகம். அந்த வைகாசி பல வீடுகளில் அழாமலே கடந்து போயிற்று. இந்த வருஷத் தெவசத்துக்கு உங்கள் உடன்பிறந்தவர்களை வரச் சொல்லுங்கள். கோடி கொண்டுவர நினைத்தால் கொண்டுவரட்டும், அதை அப்பா படத்துக்குச் சாத்திவிட்டு ஏழைப் பெரியவர் ஒருவருக்குக் கொடுங்கள். அவர்கள் அழுதால் யாரும் தடுக்க வேண்டாம். நீங்களும் அழுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்தை வீட்டு முற்றத்தில் வைத்தோம். ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. என் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன், சாத்தூரில் இருக்கிறான். மாவட்டம் வேறு என்பதால் இ-பாஸ் கிடைக்காமல் வரவில்லை. சீர் செய்ய விடவில்லை என்று இன்றும் வருத்தம். வர முடியாத வீடுகளுக்கெல்லாம் ஊரடங்கு தளர்ந்ததும் குங்குமமும் கடலைமிட்டாயும் கொடுத்துவிட்டோம். தாய்மாமன் இல்லாத கல்யாணம் முழுமையாகுமா? பேத்திக்கு இருக்கன்குடியில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்ததும் தள்ளிப்போகிறது. மாரியம்மன் பொறுப்பாளா?

பதில்: கல்யாணம் முழுமையானதுதான் அம்மா. பெற்றவர்கள் இருந்தீர்கள், விளக்கு எரிந்தது, பெரியவர்கள் அட்சதை போட்டார்கள், தாலி ஏறியது. உங்கள் மாமனார் கண்ணால் பார்த்து ஆசீர்வதித்த கடைசிக் கல்யாணம் அது. மறுபடி மாலை மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த வருஷம் ஏப்ரலில்தான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகள் அடைத்திருந்ததால் ஊர் அதைக் கொண்டாடக்கூட இல்லை. நீங்கள் அதையே கல்யாணப் பலகாரமாக வீடு வீடாகக் கொடுத்ததைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

நேர்த்திக்கு வருகிறேன். நோய்க்காலத்தில் தள்ளிப்போன நேர்த்திக்குத் தோஷம் கிடையாது. மாரி நோய் தீர்க்கிற தாய். நோய்க்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருந்ததற்கா அவள் கோபிப்பாள்? மூன்று வயது, ஐந்து வயது என்று ஒற்றைப்படை வயதில் செய்வது வழக்கம். அது தவறியிருந்தால் குழந்தைக்கு வசதியான ஒரு நாளில் செய்யுங்கள். ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற அந்த இடத்தில் கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையிலும் அம்மன் அதே அம்மன்தான்.

உங்கள் தம்பி விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தடுத்தது சட்டமே என்றாலும், சீர்த் தட்டோடு நிற்க வேண்டியவர் சாத்தூரிலேயே நின்றுவிட்டார். வருத்தம் இருக்கத்தான் செய்யும். இருக்கன்குடி அவருக்குப் பக்கத்து ஊர். காது குத்தும்போது குழந்தை உங்கள் மகன் மடியில் உட்காரட்டும், அவர்தான் அதற்குத் தாய்மாமன். ஆனால் முதல் தட்டை உங்கள் தம்பி எடுத்து வரட்டும். உங்கள் மகளுக்கு அன்று கொடுக்க வைத்திருந்த புடவையையும் அதே தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தேதியைக் குறித்து முடித்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்லக் கூடாது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சாத்தூருக்கு நேரில் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து, அவரிடம் கேட்டுத் தேதியைக் குறியுங்கள்.